தட்டு வைப்பது பள்ளி, கையைப் பிடித்து இழுப்பது யார்?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, முன்வரிசையில் முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கும் குட்டிகளே, எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்குப் படிப்பையும், எல்லாரையும் சமமாக மதிக்கிற மனசையும் தருவதில் பெரும்பங்கு வீட்டுக்கா பள்ளிக்கா என்பது தலைப்பு. நான் வீட்டின் பக்கம். அதற்காக வீட்டைப் புகழ வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி நேரம் திட்டத்தான் போகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழி, ஒரே சீருடை, ஒரே பந்தி, இதைவிடச் சமத்துவம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். சரி, அந்தப் பந்திக்கே போவோம். 1956இல் காமராஜர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு, இத்தனையும் கொடுத்த மாநிலம் இது. அடுத்த வருஷமே கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைப்பவர் பட்டியல் சமூகத்துப் பெண் என்பதற்காகவே, எங்கள் பிள்ளை அங்கே சாப்பிடாது என்று சில பெற்றோர் சொல்லி, கலெக்டரே நேரில் போய்ச் சாப்பிட்டுக் காட்ட வேண்டிவந்ததே! அந்தக் குழந்தைக்கு உப்புமா மணத்தில் சாதி தெரிந்திருக்குமா? தட்டை வைத்தது பள்ளி, கையைப் பிடித்து இழுத்தது வீடு. யார் பிடி பலமானது, நடுவரே?

ஒரு கணக்கும் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. வருஷத்துக்கு மொத்தம் 8,760 மணி நேரம். தூக்கத்தைத் தள்ளினாலும் மிச்சமெல்லாம் யாரிடம்? கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021இல் அரசே தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்பி மாலையில் பாடம் நடத்தியது. அந்தத் திட்டத்துக்குப் பெயர் ‘இல்லம் தேடிக் கல்வி’. பெயரே எங்கள் அணிக்குச் சாதகம்!

இப்போது என் வீட்டுக் கதை. வேலைக்கு வரும் அக்காவுக்கு எங்கள் வீட்டில் ஒரு தனி டம்ளர் உண்டு, ஜன்னல் ஓரமாக இருக்கும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் என் ஐந்து வயது மகள் சொப்பு வைத்து விளையாடினாள். எல்லாப் பொம்மைக்கும் டீ ஊற்றியவள் ஒரு பொம்மையை மட்டும் கதவோரம் உட்காரவைத்து, “உனக்கு இந்த டம்ளர்” என்றாள். எந்த டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்தார்? நானும் என் மாமியாரும்தான், வாயே திறக்காமல். அன்றைக்குச் சாயங்காலமே அந்த டம்ளரை எங்கள் அலமாரிக்கு மாற்றினேன். மாமியார் இரண்டு நாள் முறைத்தார். அக்காவுக்கோ ரொம்பக் கூச்சம், பழகவே பல வாரம் ஆனது.

படிக்காத பெற்றோர் என்ன செய்வார்கள் என்று எதிரணி கேட்கலாம். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று மாவுக்கு ஊறப்போடும்போது பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள், விகிதம் வந்துவிட்டது. “இன்னைக்கு ஸ்கூல்ல யாரோட விளையாடின?” என்று கேட்க எந்த டிகிரி வேண்டும்? அதே கேள்வியை “யார் வீட்டுப் பிள்ளையோட விளையாடின?” என்று கேட்டுப் பாருங்கள், ஒரே நொடியில் பாடம் மாறிவிடும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை வகுப்பில் பக்கத்தில் உட்காரவைக்கப் பள்ளியால் முடியும், ஆனால் பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலைப் பள்ளியா எழுதுகிறது?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், பார்க்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், நடுவரே. தீர்ப்பை எழுதும் முன் உங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்தையும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள். வணக்கம்.