பாகம் 2 எங்கே?

நடுவர் அவர்களே, நூலையும் பாட்டையும் காசு கொடுக்காமல் இணையத்தில் நகலெடுத்துப் பகிர்வது தவறில்லை என்று பேசிய எதிரணி நண்பருக்கு விழுந்த கைதட்டலைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. "ஒரு விளக்கில் இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு அணைந்தா போகும்? நகல் எடுத்தால் அசல் குறைந்தா போகும்?" என்று கேட்டார். குறையாதுதான். ஆனால் எண்ணெய் யார் ஊற்றுவது?

என் கதையையே சொல்கிறேன். வேலைக்குப் போய் வந்த மிச்ச நேரத்தில் இரண்டு வருஷம் எழுதி ஒரு மின்னூல் போட்டேன். மூன்றாம் நாளே ஒரு குழுவில் முழு பிடிஎஃப்பும் வந்துவிட்டது. சரி, ஆசையாகப் படிக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திறந்தால், பதிப்புரிமை போட்டிருந்த பக்கத்தைக் காணோம், அம்மாவுக்குச் சமர்ப்பணம் என்று எழுதியிருந்த பக்கமும் அதோடு போய்விட்டது, ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சாம்பல் நிறத்தில் அந்தக் குழுவின் பெயர் மட்டும் வாட்டர்மார்க்காக! குழுவை நடத்தும் தம்பியிடம் எதற்கு என்று கேட்டேன். வேறு குழுக்காரன் எடுத்துப் போட்டுவிடக் கூடாதாம். எதிரணிக்குப் புரியாதது அந்தத் தம்பிக்கு எவ்வளவு நன்றாகப் புரிந்திருக்கிறது பாருங்கள்.

"பதிப்புரிமையே கம்பெனிகளின் ஆயுதம்" என்றும் சொன்னார். இங்கிலாந்தில் அச்சிடும் உரிமை வெகுகாலம் லண்டன் அச்சகக்காரர்கள், புத்தக வியாபாரிகள் சங்கத்தின் பிடியில்தான் இருந்தது. 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டத்தில்தான் எழுதியவன் உரிமைக்காரனாக உள்ளே வந்தான். புது நூலுக்கு 14 ஆண்டு, அது முடிந்தும் அவன் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. வியாபாரிகளும் தங்கள் லாபத்துக்காக அந்தச் சட்டத்தைக் கேட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இன்று பல நாடுகளில் அது ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை நீள்கிறதே, அது அதிகம்தான், என் கொள்ளுப்பேரன் என்ன எழுதினான்? (எங்கள் அணித்தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும்.) ஆனால் திருட்டுத் தளத்தில் கிடப்பதெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கா? நேற்று வெளியானதுதானே முதல் வரிசையில் இருக்கிறது?

அப்புறம் நாப்ஸ்டர், ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்த இணையச் சேவை. 1999இல் வந்தது, வழக்கில் தோற்று 2001இல் மூடியது, அதனால்தான் 2003இல் இணையத்தில் பாட்டை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கும் ஐடியூன்ஸ் கடையே வந்தது என்றார். இருக்கலாம். திருடன் வந்ததால் கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டோம், அதற்காக அவனுக்கு மாலையா போட முடியும்?

இலவசம், பகிர்வு என்கிறார்களே, அந்தத் தளத்தில் ஒரு சுட்டியை அழுத்தினால் நாலு விளம்பரம் திறக்கிறது, அந்தக் காசு யாருக்குப் போகிறது? புகார் எழுதினால் ஒரு சுட்டியை எடுக்கிறார்கள், மறுநாள் இரண்டு முளைக்கிறது. அதற்கே என் மாலை நேரம் போய்விட்டது.

என் பிடிஎஃப்புக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "அருமை, மிக்க நன்றி அட்மின், பாகம் 2 எப்போ போடுவீங்க?" அட்மினும் "விரைவில்" என்று பதில் போட்டிருக்கிறார். நடுவர் அவர்களே, பாகம் 2ஐ நான் இன்னும் எழுதவே இல்லை. எதிரணியிடம் நகல் இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.