டார்த் வேடருக்கு ஒரு நோய்க்குறிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்டார் வார்ஸ் படங்களில் கறுப்புக் கவசத்துக்குள் மூச்சிரைத்தபடி வரும் டார்த் வேடருக்கு மனநோய் இருந்ததா என்று விளையாட்டாகக் கேட்டவர்கள் பலர் உண்டு. அதே கேள்வியை மருத்துவ இதழொன்றில், உரிய அளவுகோல்களை வைத்துக்கொண்டு கேட்டவர்கள் பிரான்சின் துலூஸ் நகரத்து மனநல மருத்துவர்கள் சிலர். 2011இல் சைக்யாட்ரி ரிசர்ச் இதழில் வெளிவந்த அவர்களுடைய சிறு கடிதம், கவசம் அணிவதற்கு முன்பிருந்த அனகின் ஸ்கைவாக்கர் என்ற இளைஞனுக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு பொருந்துவதாகச் சொன்னது.

உணர்ச்சிகளிலும் உறவுகளிலும் தன்னைப் பற்றிய எண்ணத்திலும் நிலைகொள்ள முடியாமல் தவிப்பதும், நெருங்கியவர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்ற அச்சம் ஓயாமல் துரத்துவதும் இக்கோளாறின் மையம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980 முதல் இதைத் தனிக் கோளாறாகக் கொண்டிருக்கிறது. அது தரும் ஒன்பது அளவுகோல்களில் குறைந்தது ஐந்து பொருந்தினால்தான் நோயைக் கணிக்கலாம். அனகினிடம் ஆறைக் கண்டதாகத் துலூஸ் மருத்துவர்கள் எழுதினார்கள்.

உயிரோடிருக்கும் ஒரு பொதுமனிதரை நேரில் பரிசோதிக்காமல் இப்படிக் கணிக்க எங்கள் தொழிலில் அனுமதியில்லை. 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பாரி கோல்ட்வாட்டர் அப்பதவிக்கு மனத்தளவில் தகுதியற்றவர் என்று 1,189 மனநல மருத்துவர்கள் ஓர் இதழுக்குப் பதில் அனுப்பியதும், அவர் வழக்குத் தொடுத்து வென்றதும், அதன்பின் 1973இல் அச்சங்கம் விதி வகுத்ததும் தெரிந்த கதை. கற்பனைப் பாத்திரம் வழக்குத் தொடுக்காது. ஆயினும் பாத்திரத்தைக் கணிப்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது: கதை காட்டாத எதையும் அதனிடம் கேட்டறிய முடியாது.

காட்டியவற்றை மட்டும் பார்ப்போம். தந்தையில்லாத அடிமைச் சிறுவனாகப் பிறந்த அனகின், ஒன்பது வயதில் தாயை அதே அடிமைத்தனத்தில் விட்டுப் பிரிகிறான். பத்து ஆண்டுகள் கழித்து அவள் அவன் கைகளிலேயே உயிர்விடுகிறாள். பிறகு மனைவி பத்மே பிரசவத்தில் இறப்பதாகக் கனவுகள் வருகின்றன. அந்த இழப்பைத் தடுக்க எதையும் செய்யத் துணிகிறான். கைவிடப்படும் அச்சம், கட்டுக்கடங்காத கோபம், யோசியாத வேகம், ஆசானை ஒரு நாள் தந்தையென்றும் மறுநாள் தன் வளர்ச்சிக்குத் தடையென்றும் காணும் ஊசலாட்டம் ஆகிய நான்கையும் நான் மறுக்க மாட்டேன்.

மற்ற இரண்டில்தான் எனக்கு ஐயம். தாயைக் கொன்ற டஸ்கன் கூட்டத்தை அழித்தபோதும், பின்னர் தான் சார்ந்திருந்த ஜெடாய் என்னும் வீரத்துறவிகளைக் கொன்றபோதும், அவன் தன்னினைவிலிருந்து பிரிந்துபோனான் என்பது துலூஸ் மருத்துவர்களின் கருத்து. ஆனால் டஸ்கன்களைக் கொன்ற பிறகு அவன் பத்மேயிடம் வந்து, ஆண்களை மட்டுமன்றிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றேன் என்று தெளிவாகச் சொல்லி அழுகிறான். நினைவு முழுதாக இருக்கிறது, குற்றவுணர்வும் இருக்கிறது. அடுத்து, அவன் பெயரை மாற்றிக்கொண்டதைத் தன்னடையாளச் சிதைவுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். டார்த் வேடர் என்ற பெயரை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. மண்டியிட்ட நிலையில், அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட ஆட்சியாளர் பால்பட்டீன் சூட்டிய பெயர் அது. அடிமையாகப் பிறந்தவன் மீண்டும் ஓர் எசமானைப் பெற்றான் என்றே நான் அதைப் படிக்கிறேன். அப்படியானால் ஆறு நான்காகி, கணிப்பு விழுந்துவிடுகிறது. எரிமலைக் கோளில் பத்மேயைக் கண்டதும், தன்னைக் கொல்ல ஆசான் ஒபி-வானை அழைத்து வந்துவிட்டாள் என்று வெடிக்கும் சந்தேகத்தைக் கடும் மனநெருக்கடியில் எழும் சந்தேகமாகக் கொண்டால் (அதுவும் தன்னினைவுப் பிரிவும் ஒரே அளவுகோலில் வருபவை) ஐந்து தேறும். மயிரிழையில் நிற்கும் கணிப்பு.

அது நின்றாலும், ஜெடாய்க் கோயிலில் நடந்த படுகொலையை விளக்கப் போதாது. படைவீரர்களோடு அணிவகுத்துச் சென்று, இட்ட ஆணையை ஒவ்வோர் அறையாக நிறைவேற்றுவது உணர்ச்சிக் கொந்தளிப்பின் செயலன்று. இக்கோளாறு உள்ளவர்கள் பிறரைவிடத் தங்களையே அதிகம் காயப்படுத்திக்கொள்பவர்கள். அவர்களில் தற்கொலையால் இறப்போரின் விகிதம் எங்களை என்றும் கவலைக்குள்ளாக்குவது. நாளிதழ்கள் ஒவ்வொரு கொடூரக் கொலைக்கும் சைக்கோ என்று தலைப்பிடும் நம் சூழலில், இந்த வேறுபாட்டைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கதையில் பெருந்தீங்கு செய்பவர் பால்பட்டீன். அக்கடிதம் அவரை ஆராயவில்லை, அனகினோடு நின்றுவிட்டது. அவரிடம் பதற்றமில்லை, தூக்கங்கெட்ட இரவுகளுமில்லை. ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, ஓர் இளைஞனின் அச்சம் எது என்று கண்டறிந்து, அதற்கு மருந்து தன்னிடம் மட்டுமே இருப்பதாக நம்ப வைக்கிறார். அனகினின் ஆளுமைக் கோளாறு எதையாவது விளக்குமென்றால், இவர் வலையில் அவன் ஏன் அவ்வளவு எளிதாக விழுந்தான் என்பதைத்தான் விளக்கும்.

விழுவதற்கு முன் அவன் உதவி கேட்டுப் போனதும் உண்டு. நெருங்கிய ஒருவர் இறப்பதாகக் கனவு காண்கிறேன் என்று ஜெடாய்களின் மூத்த குரு யோடாவிடம் சொல்கிறான்; இழக்க அஞ்சும் அனைத்தையும் விட்டுவிடப் பழகு என்கிறார் யோடா. துறவிக்குச் சரியான அறிவுரை, இந்த நோயாளிக்குத் தவறானது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹான் இக்கோளாறு உள்ளவர்களுக்கென வகுத்த உளச்சிகிச்சையில், அந்த வேதனை உண்மையானது, புரிந்துகொள்ளக்கூடியது என்று ஏற்றுக்கொள்வதும் நடத்தையை மாற்றக் கற்பிப்பதும் ஒன்றாகவே நடக்கின்றன. இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தவர் என்பதை லைன்ஹான் பொதுவில் சொன்னதும் அதே 2011இல்தான். இக்கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பத்தாண்டுகளுக்குள் அறிகுறிகள் தணிந்துவிடுவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திரையில் அனகினுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.