தொண்ணூறுக்குள் ஒரு நூறு

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவின் கிழக்கு எல்லையில் உள்ள ஒரு கத்தோலிக்கத் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)

மானேஜர் ஃபாதர் அவர்களே, எச்.எம். சிஸ்டர் அவர்களே, என்னோடு வேலை பார்த்த டீச்சர்மார்களே, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிற அம்மாக்களே, அப்பாக்களே, இடம் இருந்தும் உட்காராமல் தூணோரமாக நின்று கேட்கிற பாட்டிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னென்ன பாடம், எதை எதற்காகச் சொல்லித் தருகிறோம் என்று பெற்றோருக்குப் புரிகிற மாதிரி பேசவேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். அட்டவணையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, மூன்றாம் வகுப்பிலிருந்து தனிப் புத்தகமாக இ.வி.எஸ். என்கிற சுற்றுப்புறப் பாடம். ஒன்று, இரண்டு வகுப்புகளில் அது மொழிப் பாடத்தோடு கலந்தே வரும். அப்புறம் படம் வரைதல், பாட்டு, கைவேலை, விளையாட்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்கிற சமயப் பாடம், மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி. நம்முடையது எய்டட் பள்ளி. நிர்வாகம் கோயிலுடையது, சம்பளம் அரசுடையது, பாடத்திட்டமும் அரசுடையதுதான். 2024ல் ஒன்று, மூன்றாம் வகுப்புகளுக்கும் 2025ல் இரண்டு, நான்காம் வகுப்புகளுக்கும் புதுப் புத்தகம் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதையே எட்டுக் கற்றல் துறைகள் என்று பிரித்திருக்கிறார்கள். அங்கே உள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் அதோடு சமயக் கல்வியையும் சேர்த்துக்கொள்கின்றன. எந்த நாடானாலும் பிரிவுகள் ஏறக்குறைய இவைதான்.

இந்தப் பிரிவுகள் நமக்குத்தான். ஏழு வயதுப் பிள்ளையின் தலைக்குள் இவை கிடையாது. அதை எனக்குச் சொல்லித் தந்தவன் ஒரு இரண்டாம் வகுப்புப் பையன். அவனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். காலையில் கணக்கு பீரியடில் எண்களைச் சொல்லி எழுத வைப்பேன். தொண்ணூற்றிரண்டு என்றேன். அவன் 102 என்று எழுதினான். சிவப்பு மையில் அடித்துவிட்டேன். மறுநாள் தொண்ணூற்றாறு. 106 என்று எழுதினான். மறுபடியும் அடித்தேன். கவனமில்லாத பிள்ளை என்று மனதுக்குள் எழுதியும் வைத்துக்கொண்டேன். எண்பத்தாறு, எழுபத்துமூன்று எல்லாம் சரியாக எழுதுகிறவன் இங்கே மட்டும் ஏன் தவறுகிறான் என்று நான் யோசிக்கவில்லை.

அதே வாரம் மறைக்கல்வி பீரியடில் காணாமல் போன ஆட்டின் உவமையைச் சொன்னேன். ஒருவரிடம் நூறு ஆடு. ஒன்று வழி தவறிப் போய்விட்டது. தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறார். சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இவன் எழுந்து நிற்கிறான். “டீச்சர், மொத்தமே நூறு ஆடுதானுங்களே. ஒண்ணு போயிருச்சுன்னா நூத்தி ஒம்பது எப்படிங்க இருக்கும்?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டில் ஆடு உண்டு. சாயந்திரம் பட்டியில் அடைக்கும்போது எண்ணிப் பழகியவன். அவனுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. நான் ‘தொண்ணூறு’ என்றபோது அவன் காதில் ‘நூறு’ விழுந்திருக்கிறது.

நீங்களே சொல்லிப் பாருங்கள். இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. எல்லாம் ‘பது’. பத்து என்கிற சத்தம் அதில் இருக்கிறது. அடுத்தது மட்டும் தொண்ணூறு. பத்துகளின் வரிசையில் நூறு வந்து உட்கார்ந்துவிட்டது. நூறுகளைச் சொல்லுங்கள். எழுநூறு, எண்ணூறு, பிறகு தொள்ளாயிரம். அங்கே ஆயிரம் வந்துவிடுகிறது. ஒன்றுகளின் வரிசையிலும் எட்டுக்குப் பிறகு ஒன்பது, அதில் பத்தின் சத்தம். இந்த மூன்று வரிசையிலும் ஒன்பதின் இடம் தமிழில் அடுத்த படியின் பெயரைத் தாங்கித்தான் வரும். மலையாளத்திலும் அப்படியே. நம் வீட்டுப் பிள்ளை இரண்டு மொழியில் கேட்டாலும் இதே இடத்தில்தான் இடறும். அந்தப் பையன் காதால் கேட்டதை ஒழுங்காக யோசித்து எழுதியிருக்கிறான். நான்தான் இரண்டு முறை சிவப்பு மையால் அடித்தேன்.

மறுநாள் தென்னை ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி அவன் கையில் கொடுத்தேன். ஒன்பது கட்டு அடுக்கினான். தொண்ணூறு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நூறாகறதுக்கு இன்னும் ஒரு கட்டு வேணுமுங்க” என்றான். அதற்குப் பிறகு அவன் 102 எழுதியதில்லை.

இதை நீங்கள் எந்தப் பாடத்தில் சேர்ப்பீர்கள்? கணக்கு என்றால் கணக்கு. தமிழ் என்றால் தமிழ். தவறு பிடிபட்டது மறைக்கல்வியில். என் 31 வருட வேலையில் இதை நான் மறக்கவே இல்லை. அந்த உவமையை அதற்கு முன்னால் எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறேன். வழி தவறிய ஒன்றைத் தேடிப் போகவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, என் வகுப்பில் வழி தவறிய ஒருவனை நான் தேடிப் போகாமல் இருந்திருக்கிறேன். கத்தோலிக்கப் பள்ளி என்று போர்டில் எழுதியிருப்பதற்குக் கணக்கு பீரியடிலும் அர்த்தம் இருக்கவேண்டும் என்று நான் நம்புவது அந்த நாளிலிருந்துதான்.

இப்போது உங்கள் மனதில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். தமிழ் மீடியத்தில் போட்டால் பிள்ளை பின்தங்கிப் போகாதா? இந்த ஊரில் இப்படிக் கேட்காத வீடு இல்லை. ஆங்கிலம் வேண்டும். நல்ல ஆங்கிலம் வேண்டும், ஒன்றாம் வகுப்பிலிருந்தே நாங்கள் சொல்லித் தருகிறோம். ஆனால் எண்ணுவதைப் பிள்ளை முதலில் எந்த மொழியில் யோசிக்கிறது என்று பாருங்கள். எண்பத்தேழு என்ற பெயருக்குள்ளேயே எட்டுப் பத்தும் ஓர் ஏழும் இருக்கின்றன. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இலெவன் என்ற சொல்லில் பத்து எங்கே இருக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியுமா? தொண்ணூறு ஓரிடத்தில் குழப்பும், மற்ற இடத்தில் எல்லாம் நம் எண்ணுப்பெயர் பிள்ளைக்குக் கை கொடுக்கும்.

பின்னம் அதைவிட அழகு. கால், அரை, முக்கால் உங்களுக்குத் தெரியும். பாட்டிமார்களுக்கு அரைக்கால் தெரியும், மாகாணி தெரியும். அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒன்று. பாதியைக் காலால் பெருக்கினால் என்ன வரும் என்று பெரிய வகுப்பில் கேட்பதற்கு விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மாகாணி பதினாறில் ஒன்று. இந்தச் சொற்களை நாம் வீட்டில் கைவிட்டுவிட்டோம். அதே கணக்கை ஆங்கிலத்தில் சொல்லித் தர டியூஷனுக்குக் காசு கட்டுகிறோம்.

சுற்றுப்புறப் பாடத்துக்கு வருவோம். கேரளம் முழுக்க ஒரே புத்தகம். ஜூன் மாதம், மழை, குடை, நிரம்பி ஓடுகிற ஓடை என்று பாடம் தொடங்கும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பிள்ளைக்கு ஜூன் என்றால் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்று. மேற்கே கொட்டித் தீர்க்கிற மழை நம்மிடம் வந்து சேர்வதற்குள் தூறலாகிவிடும். புத்தகத்தைப் பார்த்து ‘எங்கள் ஊரில் நல்ல மழை’ என்று எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் போடலாமா? நான் போடமாட்டேன். சுற்றுப்புறத்தைப் பார்க்கச் சொல்லித் தருகிற பாடத்தில், பார்க்காததை எழுதினால் அது பாடமே ஆகாது.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பரம்பிக்குளம், ஆளியாறு அணைகளிலிருந்து. 1970ல் இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பக்கத்துக்கு வரவேண்டும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ‘நூறு கோடி’ என்பதற்கு எத்தனை சைபர் என்று கரையில் உட்கார்ந்து மணலில் எழுதச் சொல்லுங்கள். எந்த வகுப்பறையிலும் அந்த ஆர்வம் வராது. தண்ணீர் வராத மாதத்தில் அப்பாவும் சித்தப்பாவும் வீட்டுத் திண்ணையில் எதைப் பற்றிச் சத்தம் போடுகிறார்கள் என்பதும் பிள்ளைக்கு அப்போதுதான் புரியும். மலையாளத்தில் ‘வெள்ளம் இல்லை’ என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், தமிழில் வேறு. எல்லையில் பிறந்த பிள்ளை இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும். அது நம் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிற கூடுதல் படிப்பு.

அப்படி இன்னொரு சொல் பள்ளி. நாம் பள்ளிக்குப் போகிறோம் என்றால் அடுத்த வீட்டு மலையாளி, கிறிஸ்தவக் கோயிலுக்கோ மசூதிக்கோ போகிறோம் என்று நினைப்பார். தமிழிலும் முன்பு சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்றுதான் பெயர். வணங்குகிற இடமும் படிக்கிற இடமும் ஒட்டியே இருந்திருக்கின்றன. 2014ல் புனிதராக அறிவிக்கப்பட்ட குரியாகோஸ் எலியாஸ் சாவறா அடிகள், 19ஆம் நூற்றாண்டில் கோயிலோடு ஒரு பள்ளிக்கூடமும் வேண்டும் என்று பாடுபட்டவர். ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்த வரலாறும் அவர் பெயரோடு சேர்ந்தது. சோறில்லாத வயிற்றில் எழுத்து ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் பழைய செய்தி ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’. 1578ல் அச்சானது, அதுவும் கொல்லத்தில், இன்றைய கேரளத்தில்! அண்டிரிக்கி அடிகளார் தந்த 16 பக்க மறைக்கல்விப் புத்தகம். தமிழும் மறைக்கல்வியும் அதில் ஒன்றாக இருந்தன, நாம்தான் பிறகு இரண்டு பீரியடாகப் பிரித்தோம். வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலைச்சுவடியில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டக் குறிலுக்கு மேல் புள்ளி வைக்கவேண்டும். ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலும் வைக்காமல் விட்டுவிடுவார்கள். படிக்கிறவன் பாடு திண்டாட்டம். அவர்தான் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து, இரட்டைக்கொம்பைக் கொண்டுவந்தார். உங்கள் பிள்ளை இன்று ‘பேனா’ என்று எழுதும்போது போடுகிற அந்தக் கொம்பு, இத்தாலியிலிருந்து வந்த ஒரு குருவானவர் வாசிக்கத் திணறுகிறவனுக்காக யோசித்தது. கத்தோலிக்கக் கல்வி என்றால் எனக்கு முதலில் அந்தக் கொம்புதான் ஞாபகம் வரும்.

மற்ற சமயத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் பாடத்தில் உட்கார வைக்கக்கூடாது. அதை நாங்கள் சட்டத்துக்குப் பயந்து மட்டும் மதிக்கவில்லை. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்கிறது. உங்கள் வீட்டு விளக்கு உங்கள் வீட்டில் எரியட்டும். இங்கே உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது பொய் சொல்லாத பழக்கமும், பக்கத்தில் இருப்பவனுக்குப் பென்சில் கொடுக்கிற பழக்கமும்.

அரசியலமைப்பிலேயே 350ஏ என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956ல் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வழி செய்யவேண்டும் என்கிறது. மாநில எல்லைக் கோடு நம் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது, நாம் இந்தப் பக்கம் இருக்கிறோம். நம் பிள்ளைகளின் மொழி அந்தக் கோட்டால் குறைந்துபோகவில்லை. ஆனாலும் ஒரு வருடம் தமிழ்க் கணக்குப் புத்தகம் ஓணப் பரீட்சை முடிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. மூன்று மாதம் மலையாளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரவில் நான் மொழிபெயர்த்து, காலையில் போர்டில் எழுதினேன். உரிமை என்று தாளில் இருப்பதைக் கேட்டு வாங்க, பெற்றோர் நீங்கள் குரல் கொடுக்கவேண்டும். டீச்சர்மார் மட்டும் கேட்டால் அது ஒரு மனுவோடு நின்றுவிடும்.

சிஸ்டரிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் போகிறது. பாதி அம்மாக்கள் அதை மடித்து அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். தமிழிலும் அச்சடியுங்கள். இரண்டாவது, தப்பாக எழுதிய விடையை அடிப்பதற்கு முன்னால், “எப்படிக் கண்ணு இது வந்துச்சு?” என்று ஒரு தடவை கேட்கச் சொல்லி டீச்சர்மார் கூட்டத்தில் சொல்லுங்கள். நாற்பது பிள்ளை இருந்த காலத்தில் எனக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். இப்போது வகுப்பில் பதினைந்தும் பதினெட்டும்தான் இருக்கிறார்கள்.

அம்மாக்களே, உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். தேங்காய் எண்ணும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆட்டைப் பட்டியில் அடைக்கும்போது எண்ணச் சொல்லுங்கள். என் வீட்டில் அம்மா வைத்திருந்த படி, அரைப்படி, கால்படி எல்லாம் இன்னும் இருக்கின்றன. அடுத்த மதர் பி.டி.ஏ., அதாவது அம்மாக்கள் கூட்டம், என்றைக்கு என்று சொல்லுங்கள் சிஸ்டர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். கொஞ்சம் ராகியும் ஒரு சாக்கு விரிப்பும் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.