அதிவேகக் கணினியும் யாரும் விசாரிக்காத எஸ்எம்பிஎஸ்ஸும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். உதிரி உறுப்புகளைத் தாமே தேர்ந்தெடுத்து, வேகமாக இயங்கும் மேசைக் கணினி ஒன்றை வீட்டிலேயே பொருத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் எதில் தாராளமாக இருக்கலாம், எதில் கையை இறுக்கலாம் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். கணக்குகளைச் செய்யும் புராசசர், திரைக்காட்சியை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, தற்காலிக நினைவகமான ராம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, இவற்றையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு என்று வரிசையாகச் சொல்லி முடித்து, மீதமிருக்கும் பணத்துக்கு ஓர் எஸ்எம்பிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் பெரும்பாலோர் தரும் ஆலோசனை. அப்படிக் கடைசியில் தள்ளப்படும், சுவர் மின்சாரத்தை மாற்றி எல்லா உறுப்புகளுக்கும் கொடுக்கும் அந்த மின்வழங்கியைப் பற்றித்தான் நான் மிகுதியாகப் பேசப் போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்னை அறிந்தவர்கள் இதைக் கேட்டு இப்போதே சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணினி எந்த வேலைக்காக? 4கே என்னும் மிகு தெளிவுத் திரையில் விளையாடுகிறவருக்குச் சுமையின் பெரும்பகுதி கிராஃபிக்ஸ் கார்டின் மேல் விழுகிறது. நடுத்தரமான புராசசரே அவருக்குப் போதும். தெளிவுத்திறன் குறைந்த திரையில் நொடிக்கு 200 படச் சட்டங்களுக்கு (ஃபிரேம்) மேல் எதிர்பார்க்கிறவருக்கோ புராசசர்தான் தடையாக நிற்கும். அவருக்கும்கூட, புராசசருக்குள் கணக்கிடும் அலகுகளான கோர்களின் எண்ணிக்கை பெரிய விஷயமன்று. ரைசன் 7 7800எக்ஸ்3டி என்னும் புராசசரில் இருப்பவை எட்டுக் கோர்கள்தாம். ஆனால் 96 எம்பி அளவுள்ள மூன்றாம் நிலை கேஷ் என்னும் விரைவு நினைவகம் அதனோடு சேர்ந்திருப்பதால், அதைவிடக் கோர்கள் மிகுந்த புராசசர்கள் பலவற்றையும் விளையாட்டுகளில் அது முந்திச் சென்றது. காணொளித் தொகுப்பு, முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குதல், பெரிய நிரல்களைத் தொகுத்தல் ஆகிய வேலைகளுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது; அங்கே கோர்கள் அதிகமாக இருக்க இருக்க நேரம் மிச்சம். எந்த வேலை என்று முடிவு செய்யாமல் எல்லாவற்றிலும் உச்சமானதை வாங்குகிறவர், தமக்குத் தேவையில்லாத ஏதோ ஒன்றுக்குப் பணம் கொடுத்திருக்கிறார் என்பது உறுதி.

சரி, இனி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருகிறேன்.

என் உறவினர் மகன் ஒருவன் காணொளித் தொகுப்புக்காகத் தானே ஒரு கணினியைப் பொருத்தியிருந்தான். நல்ல புராசசர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, எதிலும் குறையில்லை. ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை சட்டென்று கறுத்துப்போய், கணினி தானாக மறுபடி தொடங்கிவிடும். விண்டோஸ் முடங்கும்போது காட்டும் நீலத்திரையும் வராது, பிழைச் செய்தியும் வராது. ராம் பழுது என்று ஒருவர் சொன்னார், ராமை மாற்றினான். விண்டோஸில் கோளாறு என்று இன்னொருவர் சொன்னார். அதையும் அழித்துப் புதிதாக நிறுவினான். நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு முறையும் ஒரே பதிவு: கெர்னல்-பவர் 41. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அவன் நாள்கணக்கில் தேடியிருக்கிறான். ஆனால் அந்தப் பதிவு காரணத்தைச் சொல்வதே இல்லை. முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றுபோனது என்ற தகவலை மட்டுமே, அதுவும் மறுபடி எழுந்த பின்பு, விண்டோஸ் குறித்துவைக்கிறது.

நான் அவனிடம் கேட்டது ஒன்றைத்தான்: எந்த நேரத்தில் நிற்கிறது? ஒரு மணி நேரம் தொடர்ந்து முழுச் சுமையில் ஓடும்போது நிற்பதில்லை என்றான். சும்மா இருந்த கணினிக்குத் திடீரென வேலை கொடுக்கும்போது, அல்லது விளையாட்டில் பட்டியல் திரையிலிருந்து காட்சிக்குள் நுழையும்போதுதான் நிற்கிறதாம். அந்தப் பதிலிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. வெப்பத்தால் வரும் கோளாறு பெரும்பாலும் நேரம் செல்லச் செல்லத்தான் தலைகாட்டும். சுமை தாவும் கணத்தில் விழுகிற கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை.

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்தோம். 650 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறு அட்டவணையை விளக்குப் பிடித்துப் படிக்கச் சொன்னேன். எஸ்எம்பிஎஸ் மின்சாரம் தரும் வழிகளுள் ஒன்றான 12 வோல்ட் தடத்துக்கு நேராக 38 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 38-ஆல் பெருக்கினால் 456 வாட். மீதிக் கணக்கெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டப்பட்டிருந்தது. இன்றைய கணினியில் புராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டியதை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே இழுக்கின்றன. மற்றத் தடங்களில் எவ்வளவு இருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. ஆகவே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 300 வாட் என்று குறிக்கப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டு எந்நேரமும் 300 வாட்டிலேயே நிற்பதில்லை. ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அதன் தேவை இரண்டு மடங்குவரை எகிறிவிட்டுத் திரும்பிவிடும். வீட்டில் நாம் பயன்படுத்தும் வாட் மீட்டரில் அது தெரியவே தெரியாது. ஆண்டுச் சராசரி மழையைக் கணக்கிட்டு அணையைக் கட்டிவிட முடியுமா? ஓர் இரவில் வரும் வெள்ளத்தையல்லவா அது தாங்க வேண்டும்? மட்டமான எஸ்எம்பிஎஸ் அந்தக் கணத்தில், 12 வோல்ட்டை அனுமதிக்கப்பட்ட 11.4-க்கும் கீழே இறங்க விட்டுவிடும். அல்லது தன் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு தானே அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்களுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதற்காகவே, அதில் அடங்கும் உயர்திறன் எஸ்எம்பிஎஸ்கள் தம் திறனைப்போல இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று விதித்தது. புதிதாக வாங்குகிறவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடி வாங்குவது நல்லது. அந்தப் பையனின் கணினியில் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும்தான் மாற்றினோம். அன்றோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

80 பிளஸ் கோல்டு என்று போட்டிருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். 2004-இல் தொடங்கிய அந்தச் சான்று அளப்பது செயல்திறனை மட்டுமே. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையின்போது, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டையாவது உறுப்புகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கோல்டுக்கான நிபந்தனைகளுள் ஒன்று. பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் 105 டிகிரிக்கு உரியவையா 85 டிகிரிக்கு உரியவையா என்பதையெல்லாம் அந்த முத்திரை சொல்லாது. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் வெப்பத்தைப் பத்து டிகிரி குறைத்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. அதனால்தான் முழுச் சுமையில் மூச்சுத் திணறும் எஸ்எம்பிஎஸ்ஸைவிடச் சற்றே பெரியது நீண்ட நாள் உழைக்கிறது.

எவ்வளவு பெரியது? புராசசரின் உச்சத் தேவையையும் கிராஃபிக்ஸ் கார்டின் தேவையையும் கூட்டி, மற்றவற்றுக்கு ஒரு 100 வாட் சேர்த்து, அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோர் ஐ9-14900கே என்னும் புராசசர் 253 வாட் வரையும், ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் கிராஃபிக்ஸ் கார்டு 450 வாட் வரையும் எடுக்கக்கூடியவை. இரண்டையும் சேர்ப்பவருக்கு 1000 வாட் என்பது ஆடம்பரமன்று. அதைவிடக் குறைந்த தேவையுள்ள பெரும்பாலோருக்குத் தரமான 750 வாட் போதும். அவர்கள் 1200 வாட் வாங்குவதால் கணினி வேகமாக ஓடிவிடாது.

எஸ்எம்பிஎஸ்ஸை விடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது, பழைய கேபிள்கள்தாம் அழகாகக் கட்டப்பட்டிருக்கின்றனவே என்று அவற்றை அப்படியே புதியதில் செருகாதீர்கள். மதர்போர்டுப் பக்கம் உள்ள முனைக்கு வரையறை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனைக்குக் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கு இடையில்கூடக் கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். துளையில் சரியாகப் பொருந்தும், பொத்தானை அழுத்தியதும் எஸ்எஸ்டியோ வேறு எதுவோ எரிந்துபோகும். அதுபோலவே, 600 வாட் வரை கடத்தும் புதிய 16 முனைச் செருகியைக் கார்டில் அடிவரை அழுத்திச் செருக வேண்டும். செருகியை ஒட்டினாற்போலக் கேபிளை மடக்கக் கூடாது. அந்த முனைகள் உருகிப்போன நிகழ்வுகளுக்குப் பிறகுதான், முழுதாகச் செருகாவிட்டால் மின்சாரத்தைக் கொடுக்காதபடி, செருகியிருப்பதைக் கண்டறியும் உணர்முனைகளைக் குட்டையாக்கித் திருத்தினார்கள்.

நேரம் ஓடிவிட்டது, ராமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு துண்டுகளை வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்5 வகை ராமில் நான்கையும் நிரப்பினால் வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கும். 6000 என்னும் வேகத்தில், தாமதத்தைக் குறிக்கும் எண்ணான சிஎல் 30 என்றால் தாமதம் 10 நானோசெகண்ட், சிஎல் 36 என்றால் 12. வாங்கும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் புராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது துளைகளில் மாட்ட வேண்டும். மாட்டிய பின், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் சென்று, ராமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க வேண்டும். இல்லையேல் 6000-க்குப் பணம் கொடுத்துவிட்டு 4800-இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இப்படி ஓடும் கணினிகள் பல என் பார்வைக்கு வந்திருக்கின்றன.

மதர்போர்டில், புராசசரைப் பொருத்தும் சாக்கெட் இன்னும் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று விசாரியுங்கள். 2017-இல் வந்த, ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்த பின்பு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார். எஸ்எஸ்டிக்கும் கேபினட்டுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்கியிருந்தேன்; இரண்டையும் ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிறேன். நொடிக்கு 14 ஜிபி படிக்கும் ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டிக்கும் 7 ஜிபி படிக்கும் நான்காம் தலைமுறைக்கும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் வேறுபாடு மிகச் சொற்பம். அந்தப் பணத்துக்கு இரட்டிப்புக் கொள்ளளவு வாங்குங்கள். கேபினட்டின் முகப்பு வலையாக இருக்கட்டும். கண்ணாடி முகப்பு பார்வைக்கு அழகு, காற்றுக்கு முட்டுக்கட்டை. வாங்குவதற்கு முன் கிராஃபிக்ஸ் கார்டின் நீளம், புராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம், எஸ்எம்பிஎஸ்ஸின் ஆழம் ஆகிய மூன்றையும் கேபினட் விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பக்கம் நீர்க்குளிர்விப்பு ரேடியேட்டரை மாட்டுகிறவர்கள் அதன் கனத்தையும் விசிறியின் கனத்தையும் கார்டுக்கான நீளத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.