கோட்டுக்கு உள்ளே ஒரு துணி

நேயர்களுக்கு வணக்கம். ட்வீட் ஓவர்கோட் தைக்க வருகிறவர்கள் மேல்துணியைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் யோசிப்பார்கள். கோட்டின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணியான லைனிங் என்ன போடலாம் என்று கேட்டால் மட்டும், “ஏதாவது நல்லதாப் போடுங்க” என்று முடித்துவிடுவார்கள். அந்த ‘ஏதாவது’வைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ட்வீட் சொரசொரப்பான கம்பளி. உள்ளே போடும் ஸ்வெட்டரும் கம்பளி. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கோட்டுக்குள் கையை விட்டால் ஸ்வெட்டரின் கை சுருண்டு முழங்கை வரை ஏறிவிடும். விரலை விட்டு இழுத்துவிட வேண்டும். ஆகவே லைனிங்கின் முதல் வேலை வழுக்குவது. அழகெல்லாம் அப்புறம்.

வழுக்கினால் போதுமென்றால் பாலியெஸ்டர் போடலாமே? ஒருவர் அப்படித்தான் சிவப்பு பாலியெஸ்டர் சாட்டினை, அதாவது பளபளவென்று வழுக்கும் துணியை, தானே வாங்கி வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் கோட்டோடு திரும்பி வந்தார். நடந்தால் முதுகு வேர்க்கிறதாம், நின்றால் அந்த ஈரமே சில்லிடுகிறதாம், கழற்றினால் படபடவென்று பொறி பறக்கிறதாம். பறக்காதா பின்னே? பாலியெஸ்டர் ஈரத்தை வாங்காது. வறண்ட குளிரில் கம்பளியோடு உரசினால் நிலைமின்சாரம் சேரும். பிரித்துவிட்டு குப்ரோ போட்டுக் கொடுத்தேன்.

குப்ரோ என்பது பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சைக் கரைத்து இழையாக்கியது. பெம்பர்க் என்ற வணிகப் பெயரிலும் கேட்டிருப்பீர்கள். நன்றாக வழுக்கும், வேர்வையையும் உறிஞ்சும். விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயான், பரவாயில்லை, ஆனால் நனைந்தால் வலுக்குறையும். அசிடேட் என்று இன்னொரு பளபளப்பான துணி உண்டு, அது உரசல் தாங்காது. பட்டு ஆசைக்குச் சரி. அக்குளில் வேர்வை பட்டுப் பட்டுச் சீக்கிரம் இற்றுவிடும்.

துணி எதுவென்று சந்தேகமா? ஓரத்து நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. காகித வாசனையோடு எரிந்து சாம்பலானால் குப்ரோ அல்லது விஸ்கோஸ்.

மறுபடியும் கைக்கே வருகிறேன், மன்னிக்கவும். பணம் இடித்தால் உடம்புக்கு விஸ்கோஸ் போட்டுக்கொள்ளுங்கள். கைக்குள் மட்டும் குப்ரோ. தினமும் உரசுவது அங்கேதான். கனமான கோட்டுக்கு டஃபேட்டா என்ற மெல்லிய, மொடமொடப்பான துணி வேண்டாம், சாய்கோடு தெரியும் ட்வில் நெசவு கேளுங்கள்.

நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். நிறத்தைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். சரி, உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று: வெட்டுவதற்கு முன் லைனிங்குக்கு நீராவி காட்டி, முதுகின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு மடிப்பு விடச் சொல்லுங்கள். மடிப்பு இல்லையென்றால் கையை முன்னால் நீட்டும்போது தையல் விட்டுவிடும். வணக்கம்.