பிராண்டட் கம்ப்யூட்டரா, அசெம்பிள் பண்றதா? தருமபுரி, கிருஷ்ணகிரியில வாங்குறவங்க பாக்க வேண்டியது

[திரையில்: மேசை மேல ரெண்டு கேபினெட். ஒண்ணு கம்பெனி அட்டைப் பெட்டியோட, இன்னொண்ணு பக்கக் கதவு கழட்டினது]

வணக்கம். கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினதும் எல்லாரும் முதல்ல கேக்குறது, "பிராண்டட் சீப்பா, அசெம்பிள் சீப்பா?"ங்கிறதைத்தான். பிராண்டட்னா கம்பெனியே செஞ்சு பெட்டியோட விக்கிறது, அசெம்பிள்னா பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டுறது. இதுல எது சீப்புங்கிறதுக்கு நிலையான பதில் கிடையாது. 2025 கடைசியில ராம் விலை மடமடன்னு ஏறினப்போ, அசெம்பிள்ல கிடைச்சுக்கிட்டு இருந்த லாபம் நிறைய கொட்டேஷன்ல கரைஞ்சு போச்சு. அதனால விலையை அன்னன்னிக்கு ரெண்டு பக்கமும் கொட்டேஷன் வாங்கித்தான் ஒப்பிடணும்.

விலைக்கு முன்னாடி கேக்க வேண்டியது வேற. இந்த மெஷின் ஒரு நாள் காலையில ஆன் ஆகலைன்னா யார் வந்து பாப்பாங்க? எத்தனை நாள்ல? அதுவரைக்கும் உங்க வேலை ஓடுமா, நிக்குமா? சென்னையில இருக்கிறவருக்கு கம்ப்யூட்டர் கடைகள் நிறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்துலயே இருக்கு. பென்னாகரத்துலயோ அரூர்லயோ ஊத்தங்கரையிலயோ இருக்கிறவருக்கு இந்தக் கேள்வியிலயே பாதி முடிவு வந்துடும்.

தருமபுரி டவுன்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்னு வச்சுக்கோங்க. அஞ்சு கம்ப்யூட்டர், எல்லாத்துலயும் டேலி கணக்கு சாஃப்ட்வேர். மாசாமாசம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அன்னிக்கு ஒரு மெஷின் படுத்தா நஷ்டம் மெஷின் விலையை விடப் பெரிசு. இவங்களுக்கு பிராண்டட்தான் சரி. அதுலயும் டெல், எச்பி, லெனோவோ மாதிரி கம்பெனிகள் வீட்டுக்கு ஒரு வரிசை, ஆபீசுக்கு ஒரு வரிசைன்னு தனித்தனியா விக்கிறாங்க. ஆபீஸ் வரிசையில மூணு வருஷ ஆன்சைட் வாரண்டியோட கிடைக்கும். அதாவது இன்ஜினியரே பார்ட்டோட உங்க இடத்துக்கு வந்து மாத்திக் குடுப்பார். வீட்டு வரிசையில பெரும்பாலும் ஒரு வருஷம்தான்.

ஆன்சைட்னு பெட்டியில போட்டிருக்கிறதை மட்டும் நம்பிடாதீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கம்பெனியோட கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு உங்க பின்கோடைச் சொல்லிக் கேளுங்க. தருமபுரி டவுன் 636701-க்கு அடுத்த வேலை நாளே ஆள் வரலாம். அதே மாவட்டத்துல உள்ளடங்கின ஊர்னா ரெண்டு, மூணு நாள் கூட ஆகலாம். இன்னொண்ணு: சில கம்பெனிகள் வாரண்டியை ஃபேக்டரியிலருந்து பெட்டி கிளம்பின தேதியிலருந்தே எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. கடையில ஆறு மாசம் கிடந்த பெட்டின்னா ஆறு மாசம் உங்க கணக்குல கழிஞ்சிருக்கும். வாங்கின அன்னிக்கே சீரியல் நம்பரை கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாருங்க. தேதி தப்பா இருந்தா பில்லை அனுப்பித் திருத்திக்கலாம்.

[திரையில்: பிராண்டட் கேபினெட்டோட பக்கக் கதவு திறக்குது. கேமரா எஸ்எம்பிஎஸ் மேல இருக்கிற ஸ்டிக்கருக்குக் கிட்டப் போகுது]

இப்ப பிராண்டட் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். மெஷினுக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல 180 வாட்னு இருக்கு. ஆபீஸ் வேலைக்கு இது தாராளம். ஆனா நாளைக்குப் பையன் ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணும்னு கேப்பான். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி ஒரு கார்டு மட்டுமே 115 வாட் இழுக்கும். அதுக்கு மொத்தம் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேணும்னு என்விடியா சொல்றாங்க. மதர்போர்டுல (இனி சுருக்கமா போர்டு) இருக்கிற ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் குடுக்கும். மீதிக்குத் தனி 8 பின் ஒயர் வேணும். இந்த 180 வாட் எஸ்எம்பிஎஸ்ல அந்த ஒயரே இல்ல.

எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திக்கலாமேன்னு தோணும். இங்கதான் சிக்கல். கடையில விக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ்ல போர்டுக்குப் போற பெரிய கனெக்டர் 24 பின். இந்த போர்டுல பாருங்க, அந்த 24 பின் சாக்கெட்டே கிடையாது. கம்பெனி தனக்குன்னு செஞ்ச சின்ன கனெக்டர் இருக்கு. எஸ்எம்பிஎஸ்ஸோட உருவமும் வேற, சாதாரணமானது இந்த இடத்துல உக்காராது. போர்டு போச்சுன்னா வெளியில வேற போர்டு வாங்கி இதே கேபினெட்ல மாட்டவும் முடியாது, திருகு ஓட்டைகள் பொருந்தாது. வாரண்டி இருக்கிற வரைக்கும் இதெல்லாம் கம்பெனியோட கவலை. நாலாவது வருஷத்துலருந்து உங்க கவலை. பிராண்டட்ல நீங்களே தைரியமா மாத்தக்கூடியது ராமும், ஃபைல் சேமிக்கிற எஸ்எஸ்டியும்தான். பல மாடல்ல ஒரே ஒரு 8 ஜிபி ராம்தான் போட்டு வருது. காலி ஸ்லாட்ல அதே வகை, அதே வேகத்துல இன்னொரு 8 ஜிபி போடுங்க. ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவுல ரெண்டு பாதையிலயும் (சேனல்) டேட்டா ஓடுறதால, கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல வித்தியாசம் நல்லாத் தெரியும்.

காவேரிப்பட்டணத்துல ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தா கதை மாறிடும். கல்யாண ஆல்பம், 4கே வீடியோ எடிட்டிங், சீசனுக்கு சீசன் நிரம்புற ஹார்ட் டிஸ்க். இவங்க வருஷத்துக்கு ஒரு தடவை எதையாவது சேத்துக்கிட்டே இருக்கணும். இவங்களுக்கு அசெம்பிள்தான். கேம் ஆடுறவங்களுக்கும் அப்படியே. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு ரெண்டுமே வேண்டாம், லேப்டாப் வாங்கிக் குடுங்க.

அசெம்பிள்ல வாரண்டி பார்ட் பார்ட்டா இருக்கும். கம்பெனி சீல் பெட்டியில வர்ற பாக்ஸ் ப்ராசஸருக்கு மூணு வருஷம், போர்டுக்கு வழக்கமா மூணு வருஷம், நல்ல எஸ்எஸ்டிக்கு அஞ்சு வருஷம். கூட்டிப் பாத்தா பிராண்டடை விட அதிகம். ஆனா எந்த பார்ட் போச்சுன்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை. அதைக் கொண்டு போய்க் குடுக்கிறதும் உங்க வேலை. மாத்தி வர ஒரு வாரமும் ஆகலாம், மூணு வாரமும் ஆகலாம். பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் மார்க்கெட்ல விலை குறைவுதான். ஓசூர்லருந்து 40 கிலோமீட்டர், போயிட்டு வந்துடலாம். தருமபுரியிலருந்து கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர், ஒவ்வொரு வாரண்டிக்கும் ஒரு நாள் போயிடும். உள்ளூர்க் கடைக்காரர் ஆயிரம், ரெண்டாயிரம் கூடக் கேட்டாலும், "வாரண்டிக்கு நானே அனுப்பி வாங்கித் தரேன்"னு பில்லுல எழுதிக் குடுத்தா, அந்தப் பணத்தைக் குடுக்கிறது நல்லது. ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் பில்லுல இருக்கணும்.

பிராண்டட், அசெம்பிள் ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு நம்ம ஊர்ல நிறைய விக்குது. "ஐ5 கம்ப்யூட்டர், மானிட்டரோட சேத்து பன்னெண்டாயிரம்"னு விளம்பரத் தட்டி தொங்கும். கடையில போய், "அண்ணா, ப்ராசஸர் முழு நம்பர் என்ன?"ன்னு கேளுங்க.

"ஐ5-3470 தம்பி. போர்டு புதுசு, ஒரு வருஷ வாரண்டி இருக்கு."

[திரையில்: ஐ5-3470, ஐ5-12400 ரெண்டும் பக்கத்துல பக்கத்துல]

3470-ல முதல் 3 தான் தலைமுறை. 2012-ல வந்த ப்ராசஸர் அது, எங்கயோ ஒரு ஆபீஸ்லருந்து கழட்டினது. 12400-ல முதல் 12 தலைமுறை, அது 2022. ரெண்டுமே ஐ5தான், ஆனா ஒண்ணுல நாலு கோர், இன்னொண்ணுல ஆறு கோர், நடுவுல பத்து வருஷம். போர்டு பேர்ல எச்61, எச்81னு இருந்தாலே பழைய காலத்து ப்ராசஸருக்கான போர்டுன்னு புரிஞ்சுக்கலாம், பெட்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும். விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் இருக்கணும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட், அதாவது பாதுகாப்பு அப்டேட் வர்றது, 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. பேங்க் வேலையும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் ஓடுற மெஷினா இதை வாங்காதீங்க.

சரி, அசெம்பிள்னு முடிவு பண்ணிட்டீங்க. சாதாரண ஆபீஸ், வீட்டு வேலைக்கு ஐ3-12100 போதும், கொஞ்சம் கூட வேணும்னா ஐ5-12400. நம்பர் கடைசியில எஃப்னு இருந்தா அதுல டிஸ்ப்ளே வராது, தனியா கிராபிக்ஸ் கார்டு வாங்கியாகணும். ஐ3-12100, ஐ5-12400 ரெண்டும் மாட்டுற சாக்கெட்டுக்கு 14-ஆவது தலைமுறையோட கதை முடிஞ்சது. ரெண்டு, மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸரை மட்டும் மாத்துற எண்ணம் இருந்தா ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போங்க. போர்டு விலை கூட இருக்கும். விலை குறைஞ்ச எச்610 போர்டு வாங்கினா ரெண்டு விஷயம் பாருங்க. என்விஎம்இங்கிற வேகமான எஸ்எஸ்டிக்கு ஸ்லாட் இருக்கா, ராம் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ. மாத்தி வாங்கினா உள்ளயே நுழையாது.

எல்லாரும் காசு மிச்சம் பிடிக்கிற இடம் எஸ்எம்பிஎஸ், பிடிக்கவே கூடாத இடமும் அதுதான். கேபினெட்டோட இலவசமா வர்றதுல 450 வாட்னு பெரிசா எழுதியிருக்கும். கீழ இருக்கிற கட்டத்தைப் படிங்க.

[திரையில்: ஸ்டிக்கர்ல 12 வோல்ட் வரிசை]

12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்பியர். பன்னெண்டைப் பதினாறால பெருக்குங்க, 192 வாட்தான், எழுதியிருக்கிற 450 இல்ல. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுறது இந்த 12 வோல்ட்லதான். ஐ5-12400 ஒண்ணே உச்சத்துல 117 வாட் போகும். கரண்டை அதிகம் வீணாக்காததுக்கான 80 பிளஸ் முத்திரை இருக்கிற, மூணு வருஷமாவது வாரண்டி தர்ற எஸ்எம்பிஎஸ் தனியா வாங்குங்க.

மாட்டும்போது தப்பு நடக்கிற இடங்கள் சிலதுதான், ஆனா எல்லாமே காசு. இன்டெல் போர்டு சாக்கெட்ல பின்கள் முடி மாதிரி மெல்லிசு. ப்ராசஸர்ல இருக்கிற தங்க முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோட சேத்து, நேரா கீழ வைங்க, தேய்க்காதீங்க. ஒரு பின் வளைஞ்சாலும் வாரண்டி கிடையாது. சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமா வைங்க. போர்டை வாரண்டிக்கு எடுத்துட்டுப் போனா அதையும் கேப்பாங்க. இன்டெல் ஃபேனுக்கு நாலு கால். குறுக்கு மறுக்கா ரெண்டு ரெண்டா அழுத்தி, போர்டைத் திருப்பி நாலு காலும் பின்னாடி வந்திருக்கான்னு பாருங்க. ஒரு கால் விட்டுப்போனா ப்ராசஸர் நூறு டிகிரியைத் தொட்டு, மெஷின் தானா வேகம் குறைச்சுக்கும். நீங்க வைரஸ்னு நினைச்சு விண்டோஸ் மாத்திக்கிட்டு இருப்பீங்க.

ராம் ரெண்டு போட்டா, நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசஸர் பக்கத்துலருந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட். டிடிஆர்5 மெஷினை முதல் தடவை ஆன் பண்ணினா சில நிமிஷம் திரை கறுப்பாவே இருக்கும். ராமைப் பழக்கிக்கிட்டு இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் பண்ணாதீங்க. கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தா எச்டிஎம்ஐ ஒயரை அந்தக் கார்டுல குத்துங்க, போர்டுல இல்ல. 14-ஆவது தலைமுறை ப்ராசஸர் போட்டு ஃபேன் மட்டும் சுத்துது, டிஸ்ப்ளே இல்லைன்னா, போர்டுல பழைய பயாஸ் (போர்டை முதல்ல எழுப்புற சாஃப்ட்வேர்) இருக்கலாம். கடையிலயே அப்டேட் பண்ணி வாங்கிடுங்க.

அடுத்தது கரண்ட். எந்த மெஷின் வாங்கினாலும் இதைப் பண்ணாம ஆன் பண்ணாதீங்க. கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு ஷாக் அடிக்குதா? பெரும்பாலும் மெஷின் கெட்டுப்போயிருக்காது, உங்க வீட்டு எர்த் வேலை செய்யாம இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள இருக்கிற ஃபில்டர் கசியவிடுற சின்ன கரண்ட் எர்த் வழியா போகணும். வழி இல்லைன்னா கேபினெட்லயே நிக்கும். கிருஷ்ணகிரி பக்கம் பாறை நிலம், வெயில் காலத்துல மண் காய்ஞ்சா எர்த் குழி சீக்கிரம் செத்துடும். எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி மல்டிமீட்டர்ல பாக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு, மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. சிலர் எர்த் இல்லைன்னு பிளக்குக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் சேத்துக் கட்டிடுவாங்க. எங்கயாவது நியூட்ரல் அறுந்தா அந்த நிமிஷமே கேபினெட்ல முழு 230 வோல்ட் வரும். உயிருக்கு ஆபத்து, அனுமதிக்கவே அனுமதிக்காதீங்க.

யுபிஎஸ் 600 விஏன்னா சாதாரணமா 360 வாட்தான். ஆபீஸ் மெஷினுக்குப் போதும், கிராபிக்ஸ் கார்டு மெஷினுக்கு 1 கேவிஏ எடுங்க. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ல மாட்டாதீங்க, சூடாகும்போது ஒரேயடியா இழுக்கும். கிரானைட் பட்டறை, செங்கல் சூளை பக்கத்துல இருக்கிறவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை புளோயர் அடிங்க. அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோங்க, சுத்த விடாதீங்க.

கடைசியா பில். பிராண்டட்ல விண்டோஸ் லைசன்ஸ் போர்டோடயே வரும். அசெம்பிள் கொட்டேஷன்ல அது இருக்காது, தனியா ஒரிஜினல் வாங்குற காசையும் சேத்துத்தான் ஒப்பிடணும். "விண்டோஸ் நாங்களே போட்டுத் தரோம்"னா அது கிராக், அதாவது லைசன்ஸ் இல்லாத திருட்டு விண்டோஸ் தானான்னு நேராக் கேளுங்க. ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்கிறவங்க பெங்களூருல வாங்கினா, உங்க நம்பரைக் குடுத்து, வெளி மாநிலத்துக்கு விக்கிறப்போ போடுற ஐஜிஎஸ்டி 18 சதவீதம் போட்ட பில்லாக் கேளுங்க. கவுண்டர்ல சும்மா வாங்கினா பாதி கர்நாடக மாநில வரி (எஸ்ஜிஎஸ்டி)ன்னு அடிச்சுடுவாங்க, அந்தப் பில்லுல கட்டின வரியை இங்க கிரெடிட்டா கழிச்சுக்க முடியாது. பில்லை வாங்கினதும் நம்பர் சரியா இருக்கான்னு கடையிலயே பாத்துட்டுக் கிளம்புங்க.