புள்ளி வட்டமாகத் தெரிகிறதா?

வணக்கம் நேயர்களே. தெலுக் இந்தானிலிருந்து பேச வந்திருக்கிறேன். செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை என்றால் குறிசுடும் மன்றம், வேறு எங்கும் போனதில்லை. அங்கே இளம்பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்கிள், டாட் சைட் வாங்கணும், எதை வாங்குவது?" துப்பாக்கியின் மேல் பொருத்தி, ஒரு ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவி அது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் ஏர் கன் கூட 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம், மன்றம், பயிற்சித் திடல் இந்த மூன்றும் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. சைட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன்பே மன்றச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, டாட் சைட் என்றால் என்ன? சினிமாவில் எதிரியின் சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுமே, அது லேசர். இது வேறு. இதில் எந்த ஒளியும் இலக்கில் போய் விழாது. நீங்கள் இரவு பஸ்ஸில் ஈப்போவுக்குப் போயிருப்பீர்கள். சன்னல் கண்ணாடியைப் பார்த்தால், உள்ளே எரியும் விளக்கு வெளியே மரங்களுக்கு நடுவே தொங்குவதுபோல் தெரியும். அதேதான் இது. சைட்டுக்குள் கடுகளவு விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. கண்ணாடி சரியான கணக்கில் வளைந்திருப்பதால், புள்ளி வெகு தொலைவில், இலக்கின் மேலேயே நிற்பதுபோல் தெரிகிறது. அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் கிரப் 1900ஆம் ஆண்டிலேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். மின்விளக்கு வைத்து அதைக் கடைக்குக் கொண்டுவந்தது சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம், 1975இல்.

வயதானவர்களுக்கு இது வரம் என்பேன். பழைய முறையில் துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் பின்குறி, நுனியில் இருக்கும் முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே கண் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முன்குறி மங்கிவிடும். டாட் சைட்டில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் இதற்கு அனுமதி இல்லை, அங்கே அந்தப் பழைய திறந்த குறிதான். நகர்ந்துகொண்டே பல இலக்குகளைச் சுடும் ஐபிஎஸ்சி போட்டிகளில் ஓப்பன் பிரிவு போன்றவற்றில் அனுமதி உண்டு. நீங்கள் எந்தப் போட்டிக்குப் போகிறீர்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. எனக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும்போது முதல் டாட் சைட் வாங்கினேன். திடலுக்குப் போய் விளக்கைப் போட்டால், புள்ளி வட்டமாக இல்லை. வால் முளைத்த மாதிரி, எழுதும்போது போடும் காற்புள்ளி மாதிரி கீழே இழுத்துக்கொண்டு நின்றது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் சுளிக்காமல் வேறு ஒன்று கொடுத்தார். அதிலும் வால். மூன்றாவதிலும் அதே வால். அவர் எனக்கு மட்டமான சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கடுமையாகவும் பேசிவிட்டேன்.

என் தங்கச்சி மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவளிடம் அந்தச் சைட்டை மட்டும் எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தாள். "எனக்கு வட்டமாத்தானே தெரியுது மாமா" என்றாள். அப்புறம் சைட்டை என் கண் முன்னால் பிடித்து, கடிகார முள் மாதிரி மெதுவாகத் திருப்பினாள். "வாலும் கூடவே சுத்துதா?" என்று கேட்டாள். சுற்றவில்லை. சைட் தலைகீழாக வந்த பிறகும் வால் அதே பக்கம்தான் இருந்தது. "அப்படின்னா கோளாறு சைட்டில் இல்ல மாமா, உங்க கண்ணில் சிலாவ் இருக்கு" என்றாள். மலாயில் ரபுன் சிலாவ் என்பார்களே, அதுதான். கண்ணின் முன்பரப்பு ஒரே சீராக வளையாமல், ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருப்பது. அடுத்த வாரமே சிலாவுக்குக் கண்ணாடி போட்டேன். புள்ளி வட்டமாகிவிட்டது. கடைக்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் நல்ல சைட்டுகளை மோசம் என்று எழுதுகிறவர்களில் பலருக்கு இதே கதைதான் நடந்திருக்கும். வாங்குவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கைபேசியின் கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் வட்டம், கண்ணில் வால் என்றால் கண் மருத்துவரிடம் போங்கள். படத்திலும் வால் இருந்தால் சைட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சிவப்பா, பச்சையா? மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் பகலில் எளிதாகப் பிடிபடும். அதனால் பச்சையைக் கொஞ்சம் குறைத்து வைத்தாலும் தெரியும். சிவப்பு மங்கலாகத் தெரிகிற நிறக்குறை உள்ளவர்களுக்குப் பச்சையே நல்லது. ஆனால் நம் ஊர்த் திறந்தவெளித் திடல்களை நினைத்துப் பாருங்கள். மண்மேட்டில் புல், அதற்குப் பின்னால் செம்பனை, எங்கே திரும்பினாலும் பச்சை. அதில் பச்சைப் புள்ளி கரைந்துபோகும். என் ஓட்டு சிவப்புக்குத்தான். மின்கலமும் பெரும்பாலும் சிவப்பில் கூடுதல் நாள் வரும்.

அடுத்தது புள்ளியின் அளவு. எம்ஓஏ என்று எழுதியிருப்பார்கள், கோணத்தில் ஒரு மினிட், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 1 எம்ஓஏ ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டரை மறைக்கும், 25 மீட்டரில் 7 மில்லிமீட்டர். அப்படியானால் 3 எம்ஓஏ புள்ளி 25 மீட்டரில் நம் ஐம்பது காசு நாணயத்தின் அகலம்தான். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டம் 50 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் ஐம்பது காசை வைத்துப் பாருங்கள், தாராளமாக இடம் இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் 1, 2 என்று சின்னப் புள்ளியைத்தான் கேட்கிறார்கள். சின்னப் புள்ளி கையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்துப் பதறி, புள்ளி நடுவுக்கு வந்த நொடியில் விசையை வெடுக்கென்று இழுப்பார்கள், குண்டு எங்கேயோ போகும். பிஸ்டலில் தொடங்குகிறவர்களுக்கு 3 முதல் 6 வரை இருக்கட்டும்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். நூறு வெள்ளிக்கும் இருக்கிறது, ஆயிரக்கணக்கிலும் இருக்கிறது. வித்தியாசம் எங்கே தெரியும் தெரியுமா? தலையை அசைக்கும்போது. எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரம் 1885இல் கட்டியது, மேலே கடிகாரம் இருக்கிறது. நான் புது சைட் எதுவானாலும், சைட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு எதிரே இருக்கும் ஒட்டுக்கடைக்குப் போவேன். துப்பாக்கி வீட்டில் பூட்டித்தான் இருக்கும். ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு, மேசையில் ஒரு சின்ன அரிசிப் பையை வைத்து, அதில் சைட்டை அழுத்தி உட்கார வைப்பேன். புள்ளியைக் கடிகாரத்தின் 12மேல் நிறுத்துவேன். கையை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் இடம், வலம், மேல், கீழ் மெதுவாக நகர்த்துவேன். நல்ல சைட்டில் புள்ளி கண்ணாடியின் ஓரத்துக்கே வந்தாலும் 12ஐ விடாது. மட்டமானதில் 11க்கும் 1க்கும் நடந்துகொண்டே இருக்கும். திரும்பவும் சொல்கிறேன்: தலைதான் நகர வேண்டும், சைட் நகரக் கூடாது. நீங்கள் சுடும் தூரத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கிட்டத்தில் எல்லா சைட்டிலும் கொஞ்சம் நகர்வு உண்டு.

வெளிச்சத்தையும் கடைக்குள் குழல்விளக்கில் பார்க்காதீர்கள். கடை வாசலுக்கு வந்து, உச்சி வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். அங்கே தெரிகிற புள்ளிதான் திடலில் தெரியும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் பாக்கி. பிடிமானத்தைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் கன்னில் சைட்டை மாட்டுவதற்கு 11 மில்லிமீட்டர் தடம் இருக்கும், மற்ற பல துப்பாக்கிகளில் இருக்கும் பிக்காட்டினி தடம் அகலமானது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னாலும் முன்னாலும் உதறும், அதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிற சைட்டை மட்டும் வாங்குங்கள். ஜீரோ செய்யும்போது, அதாவது புள்ளி நிற்கும் இடத்திலேயே குண்டு படும்படி சைட்டின் திருகுகளைச் சரிசெய்யும்போது, மேலே 10 கிளிக், வலது 10, கீழே 10, இடது 10 திருப்பிச் சுட்டுப் பாருங்கள். குண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும்.

அப்புறம் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் வெள்ளை நூல் படரும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் மின்கலத்தைக் கழற்றிவிட்டு வையுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். தம்பி ஒரு விரல் காட்டுகிறார். நன்றி, வணக்கம்.